வலையில் விமானத் தகடு மாதிரி ஒன்று மாட்டியிருக்கிறது. யாரிடம் சொல்வது?

காசிமேடு பையன் | வெள்ளி இரவு 10.12

எங்கள் மாமா விசைப்படகில் டிரைவர். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போய் இன்று விடியற்காலைதான் கரைக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் வலையை ஏற்றி மடியை (மீன் சேரும் பையை) அவிழ்த்துத் தட்டியபோது, வாளையும் கணவாயும் கலந்த குவியலுக்கு நடுவே ஒரு தகடு கிடந்திருக்கிறது. முறம் அளவு இருக்கும். ஒரு பக்கம் கிழிந்து சுருண்டிருக்கிறது. மறுபக்கம் விரல் இடைவெளியில் வரிசையாக ரிவெட்டு, தையல் போட்ட மாதிரி. உள்பக்கத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த பெயின்ட். ஓரத்தில் சிப்பி ஒட்டியிருக்கிறது. துரு துளிகூட இல்லை, தூக்கினால் எடையும் இல்லை.

படகில் இருந்தவர்கள் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். மாமாவுக்கு மனசு வரவில்லை. சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறார். "இது ப்ளேனுடா" என்கிறார். இதை யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் படகைப் பிடித்து வைத்துக்கொள்வார்களா? ஞாயிறு ராத்திரி மறுபடி கிளம்ப வேண்டும், டீசல் அடித்தாகிவிட்டது.

கல்மண்டபம் கார்னர் | வெள்ளி இரவு 10.20

நைனா, வம்பே வேண்டாம். எடுத்த இடத்திலேயே திருப்பிப் போடச் சொல். நான் ஒருமுறை ரோட்டில் கிடந்த செல்போனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாலு தடவை நடந்தேன். எங்கே எடுத்தாய், எப்போது எடுத்தாய், ஏன் எடுத்தாய். செல்போனுக்கே அப்படி என்றால் ஏரோப்ளேனுக்கு?

எண்ணூர்க்காரி | வெள்ளி இரவு 10.34

முதலில் அது விமானமா என்று பாருங்கள். எங்கள் முகத்துவாரம் பக்கம் ஒருநாள் காலை ஒரு வெள்ளைப் பெட்டி ஒதுங்கியது. கிழிந்த பலூன், நீளமாக நூல், பெட்டியிலிருந்து வால் மாதிரி ஒரு ஒயர். ஊரே கூடிவிட்டது. குண்டு என்று ஒருவர், சீனாக்காரன் வேலை என்று இன்னொருவர். கடைசியில் பார்த்தால் வானிலை ஆய்வு பலூன். மீனம்பாக்கத்திலிருந்து காற்றையும் ஈரப்பதத்தையும் அளக்கப் பறக்கவிடுவது. மேலே போய் பலூன் வெடித்தால் பெட்டி எங்கேயாவது விழும். ஆபத்தில்லாத சாமான்தான், ஆனால் அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் சமைக்கவில்லை.

பழவேற்காடு பக்கம் என்றால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் துண்டாகவும் இருக்கலாம்.

ரிவெட்டு தாத்தா | வெள்ளி இரவு 11.05

தம்பி, நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திருவொற்றியூரிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து பீச்சில் மாறித் திரிசூலம் போய் வந்த காலத்து ஆள். (இப்போது விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ஏர்போர்ட்டில் இறங்கலாம், கொடுத்து வைத்தவர்கள்.) நீ சொல்கிற ரிவெட்டு வரிசை, எடை, பெயின்ட் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உன் மாமா சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த மஞ்சள் பச்சை, அலுமினியம் அரிக்காமல் இருக்க உள்பக்கம் அடிக்கும் பிரைமர். ஆனால் ராக்கெட்டிலும் ரிவெட்டும் பிரைமரும் உண்டு, ராணுவம் சுட்டுப் பழகப் பறக்கவிடும் ஆளில்லாக் குட்டி விமானத்திலும் உண்டு. நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

இப்போதைக்கு இரண்டு காரியம். சுத்தம் செய்கிறேன் என்று யாரும் சிப்பியைச் சுரண்டக் கூடாது. 2015 ஜூலையில் ரியூனியன் தீவுக் கரையில் எம்.எச். 370 விமானத்தின் இறக்கைப் பாகம் ஒதுங்கியபோது, அதில் ஒட்டியிருந்த சிப்பி மாதிரியான உயிரினங்களை வைத்துத்தான் அது எவ்வளவு காலம், எந்த மாதிரித் தண்ணீரில் மிதந்தது என்று ஆராய்ந்தார்கள். கிழிந்த ஓரத்தைச் சுத்தியலால் தட்டி நேராக்கவும் கூடாது. உலோகம் இழுபட்டுக் கிழிந்ததா, வளைந்து வளைந்து சோர்ந்து விட்டதா, தீயில் வெந்ததா என்பதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. ரிவெட்டு பக்கத்தில் சின்னத் தகடோ, முத்திரை குத்திய எண்ணோ தெரிகிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்த்து போட்டோ எடு. பார்ட் நம்பர் ஒன்று கிடைத்தால் எந்த ரக விமானம் என்று பிடித்துவிடலாம்.

யாரிடம் சொல்வது என்பதற்கு வருகிறேன். சிவில் விமான விபத்துகளை விசாரிக்க ஏ.ஏ.ஐ.பி. என்று தனி அமைப்பு 2012இல் வந்தது, டெல்லியில். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும், லைசென்ஸ் கொடுக்கும் டி.ஜி.சி.ஏ. வேறு, இது வேறு. அனுமதி கொடுத்தவனே விசாரணையும் செய்தால் தன் தவறைத் தானே எழுதுவானா என்பதால் பிரித்தார்கள். விபத்து விசாரணை விதிப்படி, விபத்து என்றால் விமானியோ, அவர் முடியாத நிலையில் இருந்தால் உரிமையாளரோ, இயக்கும் கம்பெனியோ 24 மணி நேரத்துக்குள் இந்த இரண்டு இடத்துக்கும் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தகவல் போக வேண்டும். இந்தக் கடமை உன் மாமாவுக்குக் கிடையாது. அவர் ஓட்டியது படகு. ஆனால் கையில் கிடைத்ததைச் சொல்ல யாருக்கும் வழி திறந்தே இருக்கிறது.

காசிமேட்டிலிருந்து டெல்லிக்கு போன் போட வேண்டாம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, அல்லது கடலோரக் காவல்படையின் 1554. அவர்கள் மேலே அனுப்புவார்கள்.

கல்மண்டபம் கார்னர் | வெள்ளி இரவு 11.17

தாத்தா, எல்லாம் சரி. "யார் மேல் தப்பு" என்று ஆரம்பித்தால்? மாமா வலை போட்ட இடம் தப்பு, லைசென்ஸ் தப்பு என்று கிளம்ப மாட்டார்களா?

ரிவெட்டு தாத்தா | வெள்ளி இரவு 11.40

நியாயமான பயம். ஆனால் இந்த விசாரணையின் அச்சாணியே வேறு. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் 13ஆம் இணைப்பு என்று ஒன்று உண்டு. அதன்படி விசாரணையின் ஒரே நோக்கம் இனி இப்படி நடக்காமல் தடுப்பது. குற்றம் சுமத்துவதோ இழப்பீடு தீர்மானிப்பதோ அதன் வேலை இல்லை. போலீஸ் வழக்கு தனியாக நடக்கலாம், அது வேறு தண்டவாளம்.

நான் ஹேங்கரில் நின்ற காலத்தில் இதைப் புரிந்துகொள்ளவே பல வருஷம் ஆனது. ஒரு இரவு ஷிஃப்டில், கூட வேலை செய்த பையன் எஞ்சின் மூடிக்குள் ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டான். விடியற்காலை டூல் பெட்டியை எண்ணும்போது ஒன்று குறைகிறது. விமானம் இன்னும் கிளம்பவில்லை. சொன்னால் வேலை போகும் என்று அவன் உதடு வெளுத்துப் போய் நிற்கிறான். சொன்னான். மூடியைத் திறந்தோம், இருந்தது. விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம், அவனுக்குத் திட்டு. அதற்குப் பிறகு அந்த ஷிஃப்டில் டூல் வைக்கும் பலகையில் ஒவ்வொன்றின் நிழலும் பெயின்டால் வரையப்பட்டது. ஸ்பேனர் இல்லாவிட்டால் அதன் நிழல் உன்னைப் பார்த்து முறைக்கும். அவன் வாயை மூடியிருந்தால் அந்தப் பலகை வந்திருக்காது.

ட்ரோன் தம்பி | சனி காலை 7.48

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். தாத்தா, ட்ரோனும் இதில் வருமா? கேட்பது நண்பனுக்காக. போன மாதம் ராயபுரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை குதிரையில் வருவதை மேலிருந்து எடுக்கும்போது கேபிள் டிவி ஒயரில் றெக்கை மாட்டி, நேராக ஷாமியானா மேல் விழுந்து, அதைக் கிழித்துக்கொண்டு பாயசப் பாத்திரத்துக்கு ஒரு முழம் தள்ளி இறங்கியது. பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் கையில் கீறல். சமாதானம் பேசி ஷாமியானாவுக்கு மட்டும் காசு கொடுத்து முடித்தாகிவிட்டது.

எண்ணூர்க்காரி | சனி காலை 7.55

நண்பனுக்கு அந்தப் பாயசம் கிடைத்ததா?

ரிவெட்டு தாத்தா | சனி காலை 8.30

நண்பனுக்குச் சொல். 2021 ட்ரோன் விதிகளின்படி விபத்து நடந்தால் ஓட்டியவர் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளம் வழியாக டி.ஜி.சி.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். 250 கிராம் வரை உள்ள நானோ வகைக்குச் சலுகைகள் உண்டு. கல்யாணத்துக்குப் படம் எடுப்பது தொழில் என்பதால், அதற்கு மேல் எடை இருந்தால் ஓட்டுநர் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு எல்லாம் தேவை. அப்புறம் துறைமுகம் இருக்கிற ஏரியா, பறக்குமுன் அந்தத் தளத்தின் வரைபடத்தில் எந்த நிறம் என்று பார்க்கச் சொல். அவர் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

தண்டையார்பேட்டை அக்கா | சனி பகல் 12.10

நேற்று இரவு முழுக்க இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு வருஷம் முன்பு அம்மாவுக்கு நடந்தது. வயது 62. தம்பி வீட்டுக்குப் போய்விட்டு சென்னைக்குத் திரும்புகிறார். இறங்க இருபது நிமிடம் இருக்கும்போது விமானம் ஒரேயடியாகக் குலுங்கியது. அம்மா பாத்ரூமிலிருந்து சீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். தூக்கி அடித்ததில் இடது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. கீழே வந்ததும் சக்கர நாற்காலி கொடுத்தார்கள், பனிக்கட்டிப் பை கொடுத்தார்கள், ஒரு ஃபாரத்தில் "லேசான காயம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வலியில் அம்மா எதையும் படிக்கவில்லை. மறுநாள் எக்ஸ்ரேயில்தான் எலும்பு முறிவு தெரிந்தது. தட்டு வைத்து ஆபரேஷன். கம்பெனிக்கு மெயில் போட்டால் "வருந்துகிறோம்" என்று இரண்டு வரி.

விமானத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. இதையெல்லாம் விபத்து என்று எங்கே போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

ரிவெட்டு தாத்தா | சனி பகல் 1.25

அம்மா, விட்டிருக்கக் கூடாது. நம் பேச்சுவழக்கில் விபத்து என்றால் விமானம் நொறுங்க வேண்டும். விதியின் பேச்சு அப்படி இல்லை. பறக்கும் நோக்கத்தோடு முதல் ஆள் ஏறியதிலிருந்து கடைசி ஆள் இறங்கும் வரை, விமானத்துக்குள் இருந்ததால் ஒருவர் இறந்தாலோ பலத்த காயம் பட்டாலோ அது விபத்து. பலத்த காயம் எது என்பதற்கும் வரையறை இருக்கிறது. ஏழு நாளுக்குள் ஆரம்பித்து 48 மணி நேரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் பலத்த காயம். எந்த எலும்பு முறிந்தாலும் பலத்த காயம், விரல், கால்விரல், மூக்கு ஆகியவற்றின் சாதாரண முறிவு மட்டும் விலக்கு. மணிக்கட்டு அந்த விலக்கில் இல்லை. உங்கள் அம்மாவுக்கு நடந்தது, விமானம் புத்தம் புதுசாக நின்றாலும், விபத்து என்ற கணக்கில் வருவது.

இறங்கிய நேரத்தில் அவர்களுக்கு முறிவு தெரிந்திருக்காது, அதைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எக்ஸ்ரேயோடு மெயில் போட்ட அன்றைக்குத் தெரிந்துவிட்டது. தகவல் தெரிந்த நேரத்திலிருந்துதான் 24 மணி நேரம் ஓட ஆரம்பிக்கும்.

இன்னும் எழுதலாம். தேதி, விமான எண், சீட் எண், பெல்ட் விளக்கு எரிந்ததா, அறிவிப்பு வந்ததா, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் தாள். ஏ.ஏ.ஐ.பி.க்கு ஒன்று, டி.ஜி.சி.ஏ.வுக்கு ஒன்று. கோபத்தை ஒரு வரியோடு நிறுத்துங்கள், நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுங்கள். ஒரு வருஷம் ஆனதால் விமானத்தின் ரெக்கார்டரில் அந்தப் பயணம் எப்போதோ அழிந்து அதன் மேல் வேறு பயணங்கள் பதிந்திருக்கும். அதுதான் தாமதத்தின் விலை.

தண்டையார்பேட்டை அக்கா | சனி பகல் 1.40

பெல்ட் விளக்கு எரியவில்லை என்று அம்மா அடித்துச் சொல்கிறார். எழுதுகிறேன் ஐயா. அந்த ஃபாரத்தின் நகலையும் கேட்கிறேன்.

மூலக்கொத்தளம் முருங்கை | சனி மாலை 4.02

தாத்தா சொல்வதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 2018 அக்டோபரில் திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய விமானம் ஓடுபாதை முடிவில் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே போனது. உள்ளே 136 பேர். விமானியறையில் எல்லாம் சரியாகத்தான் காட்டியது, பறந்துகொண்டே இருந்தார்கள். கீழே சுவர் இடிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் சொன்ன பிறகுதான் மும்பைக்குத் திருப்பினார்கள். இறக்கிப் பார்த்தால் வயிற்றுப் பக்கம் கிழிசல். தரையில் இருக்கிறவன் பார்த்ததைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். இந்தத் தகடு 2016இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போகும்போது காணாமல் போன ஏ.என். 32 விமானத்துடையதாக இருக்குமோ?

ரிவெட்டு தாத்தா | சனி மாலை 5.15

அந்தப் பெயரைச் சட்டென்று எடுக்காதே அப்பா. 29 பேர் போனார்கள், ஏழரை வருஷம் வீடுகளில் காத்திருந்தார்கள். 2024 ஜனவரியில்தான் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி எடுத்த படங்களில் சிதைவு தெரிந்ததாக அறிவித்தார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர், 3,400 மீட்டர் ஆழம். இழுவலை போகிற ஆழமே இல்லை அது.

படை விமானம் என்றால் ஏ.ஏ.ஐ.பி. வராது, அந்தந்தப் படையே "கோர்ட் ஆஃப் என்கொயரி" என்று ஒரு விசாரணைக் குழு அமைக்கும். வேறு நாட்டில் பதிவான விமானம் என்றால், எந்த நாட்டு எல்லைக்கும் உட்படாத கடலில் விழுந்ததை விசாரிக்கும் பொறுப்பு அந்த நாட்டுக்கு, நம் ஆட்கள் துண்டை ஒப்படைப்பார்கள். எதுவாக இருந்தாலும் பிரிக்கிற வேலை அவர்களுடையது. மாமா 1093ஐ அழுத்தினால் போதும்.

பையா, சத்தமே இல்லையே, என்ன ஆயிற்று?

காசிமேடு பையன் | சனி இரவு 9.50

மன்னிக்கவும், இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். காலையில் மாமாவே போன் செய்தார். பத்தரைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு சாக்கை விலக்கி, ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்தார்கள். தாத்தா சொன்ன மாதிரி ஒரு மூலையில் முத்திரை குத்திய எழுத்து இருந்தது, பாதி தேய்ந்துவிட்டது. அதன் மேல் மாவைத் தூவிப் படம் எடுத்தார்கள். தாளில் எழுதிக் கையெழுத்து போட்டு ஒரு நகல் கொடுத்தார்கள். படகைத் தொடவில்லை. என்ன துண்டு என்று அவர்களும் சொல்லவில்லை, மேலே அனுப்புகிறோம் என்றார்கள்.

ஒரே ஒரு தகராறு. எந்த இடத்தில் கிடைத்தது என்று கேட்டார்கள். மாமா ஐஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அவர்கள் போனபிறகு சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்கிறார், ஜி.பி.எஸ். காட்டும் இட எண்ணில் டிகிரியும் நிமிஷமும்தான் எழுதினாராம், புள்ளிக்கு அப்புறம் வரும் மூன்று எண்ணை எழுதவில்லையாம். "அது நம்ம கணவாய் பாயிண்ட்டுடா, எங்க அப்பா காட்டினது. வெளியில் போனால் நாளைக்கு நாற்பது படகு அங்கே நிற்கும்."

கல்மண்டபம் கார்னர் | சனி இரவு 9.58

மாமா வாழ்க!

ரிவெட்டு தாத்தா | சனி இரவு 10.30

சிரிப்பு வருகிறது, ஆனால் மாமாவிடம் ஒரு கணக்கைச் சொல். அந்த இட எண்ணில் ஒரு நிமிஷம் என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல், 1.85 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மறைத்தால் தேட வேண்டியது நீளத்திலும் அகலத்திலும் அவ்வளவு பெரிய கட்டம். அதோடு அவர் கொடுத்தது வலையை ஏற்றிய இடம். மூன்று மணி நேரம் இழுத்திருந்தால் படகு பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். தகடு அந்த வழியில் எங்கே வேண்டுமானாலும் மாட்டியிருக்கலாம். வலை இறக்கிய இடமும் வேண்டும், ஏற்றிய இடமும் வேண்டும், நடுவில் எங்காவது வலை கனத்து எஞ்சின் திணறியதா என்பதும் வேண்டும்.

2015 ஜூன் 8 இரவு கடலோரக் காவல்படையின் டோர்னியர் ஒன்று மூன்று பேரோடு காணாமல் போனது மாமாவுக்கு நினைவிருக்கும். கறுப்புப் பெட்டியோடு இருக்கும் சாதனம் தண்ணீருக்கடியில் டிக் டிக் என்று ஒலி கொடுக்கும். அந்த வகை பேட்டரி 30 நாள்தான். நீர்மூழ்கி ஒன்று அந்த ஒலியைப் பிடித்ததால்தான் கடலூருக்கு அப்பால், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஜூலையில் பெட்டியை எடுத்தார்கள். ஒலி நின்றுபோன விமானத்துக்கு மாமா மாதிரி ஆள் சொல்லும் எண்தான் ஒலி.

காசிமேடு பையன் | ஞாயிறு காலை 6.15

ராத்திரி மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். டோர்னியர் என்றதும் பேசாமல் இருந்தார். அந்த வாரம் அவர்களும் கடலில்தான் இருந்தார்களாம். தேடியவர்கள் மைக்கில் கூப்பிட்டு எண்ணெய் மிதக்கிறதா, ஏதாவது மிதக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். "நாங்க எதுவும் பார்க்கலைன்னு சொன்னோம், உண்மையிலேயே பார்க்கலை" என்று இரண்டு முறை சொன்னார்.

இன்று விடியற்காலை ஜி.பி.எஸ். பெட்டியை எடுத்துவந்து திண்ணையில் உட்கார்ந்து அந்த இழுவையின் இரண்டு முனைகளையும் என்னை எழுதச் சொன்னார். புள்ளிக்கு அப்புறம் மூன்று எண்ணோடு. நடுவில் ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் மாறியது அவருக்கு நினைவிருக்கிறது, அதையும் நேரத்தோடு. தாளில் இருந்த நம்பருக்கு போன் போட்டுப் படித்தேன். மறுமுனையில் இருந்தவர் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்.

கடைசியில் மாமா போனைப் பிடுங்கி, "சார், இது மீன்பிடி சங்கத்துக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

கல்மண்டபம் கார்னர் | ஞாயிறு காலை 6.40

அவர் என்ன சொன்னார்?

காசிமேடு பையன் | ஞாயிறு காலை 6.44

சிரித்துவிட்டு, "அங்கே கணவாய் நல்லாக் கிடைக்குமா?" என்று கேட்டார். மாமா லைனைக் கட் பண்ணிவிட்டார்.